வேல்பாண்டியின் சட்டை

ராஜபாளையத்து நாடகக் குழுவில் உடுப்புகளைத் துவைப்பது வெங்கடேஸ்வரியின் வேலை. பாளையக்காரர் சண்டை நாடகத்தில் பன்னிரண்டு படைவீரர்கள். அவர்களில் ஒருவனாக நடித்த அவள் புருசன் வேல்பாண்டி, ஆவணியில் மாரடைப்பு வந்து இறந்துபோனான். அதற்குப் பிறகு பதினோரு பேர்தான் மேடையேறினார்கள். அவன் சட்டை பெட்டியிலேயே கிடந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாடகம் முடிந்த மறுநாள் காலை அவள் பெட்டியைத் திறந்தபோது, அந்தச் சட்டையும் வியர்வையில் நனைந்திருந்தது. கழுத்தோரம் அரிதாரம் ஒட்டியிருந்தது. யாரிடமும் சொல்லாமல் துவைத்துப் போட்டாள். அடுத்த மூன்று ஊர்களிலும் அப்படியே நடந்தது.

மார்கழியில் குழுத் தலைவர் எட்வின் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஆலங்குளத்துல இருந்து புது ஆளு வாரான்க்கா. அண்ணன் சட்டைய அவனுக்குக் குடுத்துரலாமா?"

"குடுங்க தம்பி. அவியளும் எம்புட்டு நாளைக்குத்தான் நடிப்பாவ."

அன்று சாயங்காலம் செட்டியார்பட்டியில் நாடகம். வெங்கடேஸ்வரி கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்து பார்த்தாள். படைவீரர்கள் வரிசையாக வந்து நின்றார்கள். புது ஆளுக்குச் சட்டை கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அவள் தலைகளை எண்ணினாள். பதிமூன்று இருந்தன.

கடைசியில் நின்றவன் வெற்றுடம்போடு, பனியில் கைகளை மார்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.