தாளிக்காத கஞ்சி

கீழக்கரையில் நோன்பு திறக்க இன்னும் சற்று நேரமே இருக்கிறது. ராபியாவின் அடுப்பில் கஞ்சி வெந்துவிட்டது. தாளிக்க எண்ணெய்ச்சட்டி காய்கிறது. பக்கத்தில் வெங்காயம், பூண்டு, புதினா. அடுப்படிச் சுவர் கடலில் வெட்டி வந்த பவளப்பாறைக் கல். காரை உதிர்ந்த இடமெல்லாம் பொடிப்பொடியாக ஓட்டை. சுவருக்கு அப்பால் சேதுலட்சுமியின் மகள் அம்மை கண்டு கிடக்கிறாள். தாளிக்கிற வாடை அம்மை கண்ட பிள்ளைக்கு ஆகாது என்று தெருவே அறியும். "அக்கா, நீங்க தாளிங்க. புள்ளைய வாசலுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன்" என்று அங்கிருந்து குரல் வருகிறது. ராபியா சட்டியை இறக்கி வைக்கிறாள். "அடி கிறுக்கி, காச்சப் புள்ளைய வாடைக்காத்துலயா போடுவ? உள்ள கொண்டா. நான் தாளிக்கல." புதினாவைப் பச்சையாகவே கிள்ளிப் போட்டுக் கிண்டுகிறாள். பாங்கு கேட்கிறது. பகலெல்லாம் தோணியில் மூட்டை ஏற்றிவிட்டு வந்த அவள் கணவன் சீனி முகம்மது, பிஸ்மி சொல்லி ஒரு வாய் குடித்ததும் முகம் சுளிக்கிறான். "என்ன புள்ள, பத்தியக் கஞ்சியா?" அவள் சுவரைக் கண்ணால் காட்டுகிறாள். அங்கே பிள்ளை முனகுவது கேட்கிறது. சீனி முகம்மது மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டுகிறான். "பச்சப் புதினா காச்சல அண்ட விடாதும்பாக. இன்னும் ரெண்டு அகப்பை ஊத்து."