காட்டேரிக்குப் பக்கத்துச் சீட்டு

"மூஞ்சியக் கழுவிட்டு வந்தாத்தான் உள்ள விடுவேன். காட்டேரியா இருந்தாலும் சரி, கடவுளா இருந்தாலும் சரி!"

போடி தியேட்டர் வாசலில் கையை விரித்து மறித்து நின்றான் பாண்டியராஜ். டிக்கெட் கிழிப்பவன்தான், ஆனால் இன்றைக்கு அவன் பாடு பெரும்பாடு. உள்ளே சீட்டுக்கெல்லாம் புதுத் துணி போட்டிருக்கிறது. சாயக்கறை ஒன்று பட்டாலும் உன் சோலி போய்விடும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

படம் அப்படி. 'கங்காணிக் காட்டேரி'. ஏலத்தோட்டத்துக் கங்காணி செத்த பிறகும் விடாமல் காட்டேரியாக வந்து, கிதாரை வாசித்துக்கொண்டே கூலியாட்களின் ரத்தத்தை உறிஞ்சுவான். "ரத்தம் பத்தல, ஓவர்டைம் பாரு!" என்று பாட்டு வேறு. முப்பது வருடத்துக்கு முன்னால் குரங்கணியில் எடுத்த படம். அப்போது தியேட்டரில் ஈயாடியது. இப்போதைய பிள்ளைகள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஞாயிறு காலைக் காட்சிக்குப் பேய் வேஷத்தில் வந்து, திரையில் வருகிற வசனத்துக்கு எதிர்வசனம் கத்துவார்கள். இன்று அவர்களும் முனகிக்கொண்டே குழாயடியில் முகம் கழுவிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

மசியாமல் நின்றவர் தானியேல் ஒருத்தர்தான். ஏலக்காய்க் கடைக்காரர், அறுபதைத் தாண்டியவர். முகமெல்லாம் வெள்ளைச் சாயம், கடைவாயில் ரத்தம், இரண்டு கோரைப்பல். அவருடைய கறுப்பு அங்கியின் நுனியை இறுக்கிப் பிடித்தபடி மனைவி ஜெயபாக்கியம், சர்ச்சுக்குக் கிளம்பியது போலப் பளிச்சென்று.

"வேஷம் இல்லாம நான் உள்ள போய்ப் பிரயோசனமில்ல அப்பு."

"படம் பாக்கக் கண்ணு போதும்ணே. பல்லு எதுக்கு?"

"இதுல ஆடுன பேய்ல நானும் ஒருத்தன்யா. இவ ஷூட்டிங் வேடிக்க பாக்க வந்தா. அங்கதான் மொதமொதப் பாத்துக்கிட்டோம்."

"எங்க மாமாகூடப் படத்துல போலீசா வந்தாரு. இன்னமும் லத்தியத் தூக்கிக்கிட்டா அலையுறாரு?"

ஜெயபாக்கியம் களுக்கென்று சிரித்தாள். கணவரின் கோரைப்பல்லைத் தொட்டுப் பார்த்து, "இவருக்கு இந்த மூஞ்சிதான் அழகு தம்பி" என்றாள். இந்த வயதிலும் என்ன கொஞ்சல் என்று பாண்டியராஜுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

மணி அடித்தது. தானியேல் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இன்னிக்கு ஒருநா விட்ருய்யா."

"எனக்கும் புள்ளகுட்டி இருக்குல்லண்ணே?"

தானியேல் மனைவி பக்கம் திரும்பினார். அங்கியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக மெல்ல விடுவித்தார். "தம்பி கூடப் போயி உக்காரு ஜெயா. பின்னாலயே வர்றேன்."

அவளை உட்காரவைத்துவிட்டுப் பாண்டியராஜ் திரும்பி வந்தபோது, தானியேல் ஈர முகத்தோடு நின்றார்.

"பாத்தீங்களா, இப்பத்தாண்ணே ஆளு லட்சணமா இருக்கீங்க!" சந்தோஷத்தில் டார்ச் அடித்து அவனே சீட்டு வரைக்கும் கூட்டிப்போனான்.

தானியேல் உட்காரப் போனார். ஜெயபாக்கியம் பதறிப்போய்ப் பக்கத்துச் சீட்டைக் கையால் மறைத்தாள்.

"அண்ணே, இதுக்கு ஆளு இருக்கு. என் வீட்டுக்காரரு வருவாரு. மூஞ்சியெல்லாம் வெள்ளையா, வாயில ரத்தமா இருப்பாரு. பாத்தா வெரசா வரச் சொல்லுங்கண்ணே, எனக்கு இங்க வேற யாரையும் தெரியாது."

"சொல்றேம்மா" என்றார் தானியேல். குழாயடியில் அவர் வைத்துவிட்டு வந்த சாய டப்பாவை எடுத்துவர அவருக்கு முன்னால் ஓடினான் பாண்டியராஜ்.