கையால் எழுதிய வரிகள்

ஆடித்தபசு நண்பகல். பெருங்கூட்டத்தால் நகரில் கைப்பேசிகள் செயலற்றிருக்கின்றன. பிரசவ மருத்துவமனைக்கு மேசைத் தொலைபேசியே துணை. அது காலைமுதல் ஒலிக்கவில்லை. திருவிழா நாளென்று எவரும் ஐயுறவுமில்லை. கணினித் திரையில் எட்டு அறைகளின் தொலைபேசிகளுக்கும் எட்டுப் பச்சை வட்டங்கள் அழகாக ஒளிர்கின்றன. “ஒரு அறையோட பேரைத்தான் திரையில மாத்துனேன், அண்ணாச்சி,” என்கிறான் மேலாளன் பிரவின்ராஜ். தொலைபேசிகளை அமைத்த முத்துக்கிருஷ்ணன் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுக்கிறார். “மாத்திட்டு ‘சேமி’ன்னு அமுக்குனீரே வே! திரையில இல்லாததை எல்லாம் அது அழிச்சிரும்லா. வெளிய இருந்து வார போனை இங்கன அனுப்ப கணினிக்குள்ள நான் கையால எழுதுன வரியெல்லாம் அழிஞ்சிட்டு. திரையில மாத்துறது, கையால எழுதுறது, ரெண்டுல ஒரு வழியப் பிடிச்சிருக்கணும், ஆளுக்கொண்ணாப் பிடிச்சிட்டோம்.” “நகல் இருக்கா?” என்கிறான் பிரவின்ராஜ். முத்துக்கிருஷ்ணன், வந்தும் ஒலிக்காத அழைப்புகளின் பட்டியலைத் திறக்கிறார். நகருக்கு வெளியே ராயகிரியில் நிறைமாதமாயிருக்கும் மாரிசெல்வியின் கணவனது எண் அங்கே ஏழுமுறை நிற்கிறது. வலி கண்டதும் அழைத்தால் வண்டி அனுப்புவதாக இவர்கள்தாம் சொல்லியிருந்தனர். செவிலி ஜாய்ஸ் அவ்வெண்ணை அழைத்து, தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறாள். “மணி போகுது. யாரும் எடுக்கல.” ஏழாம் அழைப்பு பத்தே முக்காலுக்கு வந்திருக்கிறது. எட்டாவது இல்லை.