கழுவி வைத்த பாடம்

"இந்தத் தடவையும் பாட்டில் இல்லையா?" மடிக்கணினித் திரையில் தெரிந்த மாணவியிடம் பேராசிரியர் எரிந்து விழுந்தார். மற்ற மாணவர்கள் வீட்டில் பாட்டில் தண்ணீரில் கலக்கி வைத்த மண்ணைக் கேமராவில் காட்டிவிட்டார்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களிமண் என்று அழகாகப் பிரிந்திருந்தது.

"அழுக்குத் தண்ணின்னு நினைச்சு அம்மா கழுவிட்டாங்க சார்."

"போன வாரமும் அம்மா, இந்த வாரமும் அம்மா! ஒரு நாள் முழுக்க அசையாம இருந்தாத்தானே மண்ணு பிரியும்? பொய் சொன்னா செய்முறைத் தேர்வுல முட்டைதான்!"

"சத்தியமா சார்."

"கூப்பிடு உங்க அம்மாவை!"

அம்மா ஈரக் கையோடு வந்தார். "நான்தான் சார் கழுவுனேன். சமையல் மேடையில சேத்துத் தண்ணி இருந்தா யாரு சும்மா விடுவாங்க?"

"படிச்சவங்க வீட்டுல இப்படி நடக்காதும்மா!"

"அப்ப நீங்க கலக்கி வெச்சதைக் காட்டுங்க சார், பாத்துக்கிறேன்."

"என்னோடதா? அது... படம் போட்டுக் காட்டிட்டேனே."

பேராசிரியரின் பின்னாலிருந்து அவர் மனைவியின் தலை திரைக்குள் நீண்டது. "அவரை ஏன் கேக்கறீங்க அக்கா? அவர் பாட்டிலை மூணு தடவை கழுவுனது நான். அடியில ஒட்டுற சேறு மட்டும் போகவே மாட்டேங்குது. நீங்க எதைப் போட்டுக் கழுவுறீங்க?"

"கல்லுப்பு போட்டுக் குலுக்கும்மா, பளிச்சுன்னு ஆயிடும்."

வகுப்பே சிரித்தது. இரண்டு பெண்களும் நகர்ந்த பிறகு, பேராசிரியர் அந்த மாணவிக்கு மட்டும் தெரியும்படி தட்டச்சு செய்தார்:

"அடுத்த வாரம் காட்டு, மார்க் உண்டு. பாட்டிலைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வை. நானும் அங்கதான் வைக்கப்போறேன்."