ஒன்பதாம் நம்பர் பட்டாணி

“விதையை மாத்திப் போட்டது நீதான். ஒத்துக்கொண்டிட்டுப் போ.”

முத்துலிங்கம் கத்திய கத்தலுக்குப் பக்கத்துப் பாத்தியில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் தலையைக்கூடத் தூக்கவில்லை. பேராதனைக்கு அப்பால் இருந்த அந்த விதைக் கம்பனிப் பண்ணைக்கு அவர் ஆராய்ச்சி அதிகாரியாக வந்து மூன்று வருஷம். அவர் கத்தாத நாள் என்று ஒன்று இருந்தால், அன்றைக்கு அவர் லீவு.

இன்றைக்குக் காரணம் இருந்தது. போன பருவத்தில் நூல் கட்டி, நம்பர் போட்டுக் கவனித்த இருநூறு பட்டாணிச் செடிகளில், ஒன்பதாம் நம்பர் மட்டும் நாற்பத்திரண்டு காய் காய்த்தது. மற்றதெல்லாம் பத்து, பன்னிரண்டு. அந்த ஒரு செடியின் விதையை மட்டும் எடுத்து இந்தப் பருவம் தனிப் பாத்தி போட்டார். கூடுதல் விளைச்சல் தரும் புது இனம் கிடைத்துவிட்டதென்று அவசரப்பட்டுக் கொழும்புக்கு அறிக்கையும் எழுதிவிட்டார். நாளைக் காலை அங்கிருந்து மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள். பாத்தியிலோ செடிக்குப் பத்துக் காயைத் தாண்டவில்லை.

விதை போட்டவள் கலாராணி. கண்டியில் நகரசுத்தித் தொழிலாளர் குடியிருப்பான மஹய்யாவயிலிருந்து பஸ் ஏறி வருகிறவள், ஐந்து வருஷமாக நாட்சம்பளம். அடுத்த மாதம் வேலையை நிரந்தரமாக்கும் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. முத்துலிங்கம் எழுதிக் கையில் வைத்திருந்த கடிதம் அந்தப் பெயரை வெட்டச் சொன்னது.

விதைப் பையை அவர் முன்னால்தான் பிரித்ததாக அவள் சொன்னாள். நம்பரை அவரே வாசித்துப் பார்த்ததையும் சொன்னாள். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

“எல்லாச் செடிக்கும் ஒரே பசளை, ஒரே தண்ணி. அதுக்குள்ள ஒண்டு மட்டும் நாற்பத்திரண்டு காய் காய்ச்சால் அது விதையின்ர குணம். அந்தக் குணம் அதின்ர பிள்ளையளுக்கும் வரவேணும். வரேல்லையெண்டால் இது அந்த விதை இல்லை. உங்கட ஆக்களுக்குக் கவனம் எண்டால் என்னெண்டு தெரியுமோ?”

அதுவரை கலாராணிக்குப் பயம்தான் இருந்தது. அந்தக் கடைசி வார்த்தையில் பயம் எங்கேயோ போய், உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த மண்வெட்டியைத் தூக்கி வரப்பில் போட்டாள்.

“எங்க ஆளுகளப் பத்திப் பேசாதீங்க சேர். வெத அதே வெததான். ஆனா அந்த ஒம்பதாம் நம்பரு தானா காய்க்கல.”

பிறகு அவள் மூச்சு விடாமல் சொன்னாள். முளைத்த இரண்டாம் வாரமே ஒன்பதாம் நம்பர் இலையெல்லாம் பழுத்துப்போய்ச் சாகக் கிடந்ததாம். ஆட்டுப் புழுக்கையை வாளியில் ஊறவைத்து, தினமும் அவர் வருவதற்கு முன்னால் அந்த ஒரு செடிக்கு மட்டும் ஊற்றினாளாம். இரண்டு மாதம் ஒரு நாள் தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட வந்தாளாம்.

முத்துலிங்கத்தின் புது இனம், அறிக்கை, நாளைக்கு வரப்போகிறவர்கள், எல்லாம் ஒரு வாளிப் புழுக்கைத் தண்ணீரில் கரைந்துவிட்டது. அவர் முன்னிலும் பெரிதாகக் கத்தினார்.

“ஒரு செடிக்கு மட்டும் பசளை போடக்கூடாதெண்டு உனக்குத் தெரியாதோ? ஆர் உன்னை அப்பிடிச் செய்யச் சொன்னது?”

“நீங்கதான் சேர். எட்டாம் நம்பரு பட்டுப்போன அன்னைக்கு, நூல் கட்டுன செடி இன்னும் ஒண்ணு செத்தா நீ வேலைக்கே வராதன்னு, இதே எடத்துல நின்னு கத்துனீங்க.”