எலிசாவுக்கு ஒரு வாக்கர்

"பாத்து ஏறு ஏட்டி. கால்லதான் பெலம் இல்ல, கண்ணுமா போச்சு?"

தக்கலையில் அந்த மருத்துவ உபகரணக் கடையின் படியில் கால் வைக்கும்போதே ரசலையன் மனைவியைத் திட்டத் தொடங்கிவிட்டார். மேல்படியில் அவர் கால் இடறி ஆள் ஒருபக்கம் சாய்ந்தார். கைகோத்து வந்த எலிசா அசையாமல் நின்றாள். "என்னப் பிடிச்சு இழுக்காத" என்று அதற்கும் அவளுக்குத்தான் திட்டு விழுந்தது.

கடையில் வேலைக்கு நின்ற பிரீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பு முழுக்க வயதானாலும் வாய்க்கு மட்டும் வயதாகாத ஆண்களை அவள் தினமும் பார்க்கிறாள்.

"இவளுக்கு ஒரு வாக்கர் வேணும் பிள்ளே. நான் கீரிப்பாறை எஸ்டேட்டுல முப்பத்தஞ்சு வருசம் சூப்பர்வைசர், மலையேறின காலு. இவளுக்கு பாத்ரூம் போவவும் எனக்க கை வேணும், கோயிலுக்குப் போவவும் எனக்க கை வேணும்."

எலிசா ஆமாம் என்று தலையாட்டினாள். "விழுந்தா இடுப்பு ஒடிஞ்சு போவும் மக்கா. அந்தப் பயத்துல எனக்கு உறக்கமே இல்ல" என்றாள்.

பிரீனா ஒரு வாக்கரைக் கொண்டுவந்து வைத்தாள். எலிசா அதைத் தொடாமல் கணவரைப் பார்த்தாள்.

"எனக்கு இதுல நடக்கத் தெரியாது. நீங்க ஒருக்கா நடந்து காட்டுங்க."

"இதுக்கும் நான்தானா? மண்டைக்குள்ள ஒண்ணும் கிடையாது." அவர் வாக்கரைப் பிடித்துக் கடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இரண்டு நடை போனார். "கண்டியா? இதுல என்ன பெரிய வித்த இருக்கு?"

"வீட்டுலயும் தெனமும் நடந்து காட்டணும். நான் மறந்துருவேன்."

"எனக்க தலையெழுத்து" என்று பெருமையாகச் சலித்துக்கொண்டு, வாசலோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சாலையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்குப் பக்கத்தில் நாற்பது வருஷம் இருந்தால் யாருக்குத்தான் கால் நிற்கும் என்று பிரீனா நினைத்தாள். எலிசாவின் மணிக்கட்டு உயரத்துக்கு வாக்கரின் கால்களை இறக்கக் குனிந்தாள்.

"இவருகூட எப்பிடிம்மா காலம் தள்ளுதீங்க?"

எலிசா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்க காலுக்கு ஒரு கேடும் இல்ல மக்கா, அவருக்க உயரத்துக்கு வையி."