ஜோடியை மாத்தாதீங்க

ஜியு-ஜிட்சு வகுப்பில் நாலு மாதமாய் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கழுத்து நெரிபடும்போது பாயைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்வது. எனக்கு வயது ஐம்பத்தாறு, தொப்பை தனி. என்னோடு மோதும் ஜோடிக்கு இருபத்திரண்டு.

இன்று ஏழாவது முறை தட்டியதும் மாஸ்டர் என்னை ஓரமாய் அழைத்தார்.

"சார், அவன் உங்களைத் துவைச்சுக் காயப்போடுறான். நாளையிலிருந்து வேற ஜோடி தர்றேன். பேங்க் ஆபீசர் ஒருத்தர் இருக்கார், பஞ்சு மாதிரி பிடிப்பார்."

எனக்கு மூச்சு நின்றது. கழுத்துப்பிடியில்கூட அப்படி நின்றதில்லை.

"உங்க கால்ல வேணாலும் விழறேன் மாஸ்டர். ஜோடியை மட்டும் மாத்தாதீங்க."

"அடி வாங்குறதுக்கு இப்படி ஒரு அடமா?"

"அவன் என் மகன் மாஸ்டர்."

மாஸ்டர் திகைத்தார். "நீங்க பஸ்லயும் அவன் பைக்லயும் இல்ல வர்றீங்க?"

"வர்றது ஒரே வீட்டுல இருந்துதான். அவங்க அம்மாவை ஆஸ்பத்திரிக்கு நான் லேட்டாக் கூட்டிட்டுப் போனதாலதான் காப்பாத்த முடியலன்னு கோபம். ரெண்டு வருஷமா வீட்டுல ஒரு வார்த்தை கிடையாது. இங்கதான், எதிராளி தட்டினா கையை விட்டுட்டு, 'வலிக்குதா'ன்னு கேட்டே ஆகணும்னு சட்டம் வச்சிருக்கீங்க."

மாஸ்டர் பாய்ப் பக்கம் திரும்பி எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினார்.

"அதே ஜோடி! இன்னொரு சுற்று!"

மகன் எதிரே வந்து மண்டியிட்டான். அவன் கை என்மேல் படுவதற்கு முன்பே நான் பாயைத் தட்டிவிட்டேன்.